விலகிய விழியும் அதன் திரையும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே அமைந்திருக்கும் கனகம்மாசத்திரம், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் தணிகைமலை ஏறுவோரும், புரட்டாசியில் திருமலைக்கு நடந்தே செல்வோரும் கடந்துபோகின்ற ஊர். 1960ஆம் ஆண்டில் திருத்தணிப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்த பின்னரும், ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகின்ற வழக்கம் இப்பக்கத்துக் கிராமங்களில் மறைந்துவிடவில்லை. இரு மொழியினர்க்கும் பொதுவான நம்பிக்கைகள் பலவற்றுள், மாறுகண்ணுடைய குழந்தை வீட்டுக்கு அதிர்ஷ்டம் கொண்டுவரும் என்பதும் ஒன்று. பச்சைக் குழந்தையின் ஒரு கண் தாயின் முகத்தை நேரே நோக்க, மற்றொரு கண் மூக்குப் பக்கம் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும் பாட்டி, "அதிர்ஷ்டக் கண்ணும்மா, அதைப் போய் ஆஸ்பத்திரியில காட்டுவாங்களா?" என்று மகளைத் தேற்றுகிறாள். அவளுடைய வாஞ்சையில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அதே குழந்தை பள்ளிக்கூடம் சென்றதும் 'ஒன்றரைக்கண்' என்ற பட்டப்பெயரைச் சுமக்க நேர்வதும், பெண்ணாயிருப்பின் கலியாணப் பேச்சில் அந்த அதிர்ஷ்டமே குறையாக எண்ணப்படுவதும் நாம் நாள்தோறும் காணும் விஷயங்கள். இவையெல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் ஒன்று, ஒருவர் கண்ணுக்கும் புலப்படாமல், அந்தக் குழந்தையின் முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே மெல்ல மெல்ல நிகழ்கிறது.

உலக அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவரிடம் காணப்படும் மாறுகண், முகத்தின் அழகைப் பற்றிய பிரச்சினை மட்டுமன்று. அது பார்வையைப் பற்றிய பிரச்சினை. விலகி நிற்கும் அந்தக் கண்ணின் உள்ளே, ஒளியை ஏற்று நரம்புக் குறிகளாக மாற்றுகின்ற விழித்திரையில் ஏதேனும் மாறுதல் உண்டா, உண்டெனில் அது விலகலுக்குக் காரணமா அல்லது விலகலின் விளைவா என்னும் வினாக்களுக்கு விடை தேடுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். இது ஆராய்ச்சிசாலைக்கு மட்டும் உரிய சர்ச்சை என்று எண்ணிவிடலாகாது. திரை பழுதுபட்டிருந்தால் ஒரு வழியும், திரை நலமாயிருந்து பழுது வேறோரிடத்தில் இருந்தால் மற்றொரு வழியும் வைத்தியருக்கு உரியதாகையால், குழந்தையின் எதிர்காலமே இந்த விடையைச் சார்ந்து நிற்கிறது.

திரையின் அமைப்பு

விழித்திரை என்பது கண்ணுருண்டையின் உட்புறத்தே, பின்பகுதியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய நரம்புத் தகடு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையக் கால் பங்குதான். எனினும் அத்துணைச் சிறிய கனத்துக்குள் பத்து அடுக்குகள் இருப்பதாக உடற்கூற்று வல்லுநர் வகுத்திருக்கிறார்கள். ஸ்பெயின் தேசத்து மேதை சாந்தியாகோ ரமோன் இ காஹால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளி உப்பினால் சாயமேற்றிய விழித்திரைத் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு நரம்பணுவின் கிளைகளையும் தம் கையாலேயே வரைந்து வைத்தார். அந்தச் சித்திரங்களின் நுட்பத்தைக் கண்டு இன்றைய மாணவரும் வியக்கின்றனர். மங்கிய வெளிச்சத்துக்குரிய கோலணுக்கள் ஒன்பது கோடிக்குமேலும், பகல் வெளிச்சத்துக்கும் நிறங்களுக்கும் உரிய கூம்பணுக்கள் 45 லட்சத்துக்கு மேலும் அதன் புற அடுக்கில் நெருங்கி நிற்கின்றன. இவை பெறும் செய்தி நடு அடுக்குகளில் சல்லடையாகச் சலிக்கப்பட்டு, சுமார் பத்துப் பன்னிரண்டு லட்சம் நரம்பிழைகளின் வழியாக மூளைக்குப் போய்ச் சேருகிறது.

இந்தத் திரை எங்கும் ஒரே சீராக அமைந்ததன்று. அதன் நடுவே, மஞ்சள் புள்ளி என்று சொல்லப்படும் இடத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள மையக்குழி ஒன்று இருக்கிறது. திரையின் மற்றப் பகுதிகளில் ஒளியானது நரம்பணு அடுக்குகளையெல்லாம் ஊடுருவிய பிறகே கூம்பணுக்களை அடையவேண்டியிருக்க, இக்குழியில் மட்டும் அவ்வடுக்குகள் பக்கங்களுக்கு ஒதுங்கி வழிவிடுகின்றன. கூம்பணுக்களோ மெலிந்து நீண்டு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் என்னும் அளவில் நெருங்கிவிடுகின்றன. நாம் எழுத்தை வாசிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்பதும் இந்தச் சிறு குழியினாலேயே நடைபெறுகின்றன. ஒரு பொருளை நாம் பார்க்கிறோம் என்றால், அதன் பிம்பம் இரண்டு கண்களின் மையக்குழிகளிலும் ஒரே சமயத்தில் விழும்படி, கண்ணுக்கு ஆறாகப் பன்னிரண்டு தசைகளும் இசைந்து விழிகளைத் திருப்பி நிறுத்துகின்றன என்பதே பொருள்.

குழந்தை பிறக்கும்போது இந்தக் குழி முற்றுப்பெற்றிருப்பதில்லை என்பது இங்கே முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. பிறந்த சிசுவின் மையக்குழியில் உள்ளடுக்குகள் இன்னும் முழுவதும் விலகியிருக்கமாட்டா. அங்குள்ள கூம்பணுக்கள் குட்டையாகவும் பருத்தும் இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல உள்ளடுக்குகள் புறத்தே நகர, கூம்பணுக்கள் மையத்தை நோக்கி நெருங்கிவந்து நீளுகின்றன; இந்த வேலை நான்கு வயதுவரையிலும், அதற்கு அப்பாலுங்கூட நீடிக்கிறது. மாறுகண் பெரும்பாலும் தோன்றுவதும் இதே பருவத்தில்தான். ஆகவே, கட்டி முடியாத திரையின்மீது அதன் பாதிப்பு விழக்கூடுமோ என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளர்க்கு எழுந்தது இயல்பே.

இரண்டு கண்ணும் ஒரு காட்சியும்

கனகம்மாசத்திரத்துக்குக் கிழக்கே, கொசஸ்தலையாற்றின் கரையில் உள்ள பூண்டியில், ஊன்றீஸ்வரர் கோயில் இருக்கிறது. முன்பு திருவெண்பாக்கத்தில் இருந்த அக்கோயில், 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்ததனால் பழைய தலம் நீருக்குள் போக, இவ்விடத்துக்கு மாற்றியமைக்கப்பட்டது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்கு அளித்த சபதத்தை மீறி இரு கண்ணும் இழந்த சுந்தரர், இத்தலத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. ஒரு கண் கிடைத்த மாத்திரத்தில் வழக்கு முடிந்தது என்று அவர் அமைதி கொள்ளாமல், மற்றக் கண்ணுக்காகவும் ஊர் ஊராகச் சென்று முறையிட்டார் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு கண்ணால் வழி தெரியும். ஆழமும் தூரமும் துல்லியமாய்த் தெரிய இரு கண்ணும் வேண்டும். இரண்டு கண்களுக்கும் இடையே உள்ள இடைவெளியினால் இரு பிம்பங்களும் சிறிதளவு வேறுபடுகின்றன என்றும், அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது என்றும் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் தம் இருவிழிக் காட்டியைக் கொண்டு நிரூபித்தார்.

ஒரு கண் விலகினால் இந்த ஏற்பாடு குலைகிறது. நேரே நிற்கும் கண்ணின் மையக்குழியில் தாயின் முகம் விழ, விலகிய கண்ணின் மையக்குழியில் பக்கத்துச் சுவரோ கதவோ விழுகிறது. வளர்ந்தவர் ஒருவருக்குத் திடீரென்று கண் விலகுமாயின், அவர் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கண்டு தலைசுற்றி நிற்பார். குழந்தையின் மூளையோ இளகிய பருவத்தில் இருப்பதால் வேறொரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளுகிறது: குழப்பம் தருகின்ற பிம்பத்தை அது சட்டை செய்யாமல் அமுக்கிவிடுகிறது. அமுக்குதல் பழக்கமாகி, பழக்கம் நிலைத்துவிட்டால், அந்தக் கண்ணுக்கு எத்தனை நல்ல கண்ணாடி போட்டாலும் பலகையின் கீழ்வரிகள் தெரியாமற்போகும் நிலை வந்துவிடும். அதுவே சோம்பல் கண் என்னும் பார்வை மந்தம். குழந்தை இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. நல்ல கண்ணே எல்லா வேலையையும் செய்துவிடுவதால், தனக்கு ஒரு குறை இருப்பதே அதற்குத் தெரியாது.

பழுது எவ்விடத்தில்?

அந்தச் சோம்பல் கண்ணின் விழித்திரையை, 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டளித்த கண்ணுள் நோக்கி வழியாகப் பார்த்த வைத்தியர்கள், அங்கே யாதொரு விகாரமும் இன்மையைக் கண்டு திகைத்தார்கள். நரம்பு நலமாயிருந்தது, ரத்தக்குழாய்கள் செவ்வனே இருந்தன, மஞ்சள் புள்ளி பளிச்சென்றிருந்தது. ஆயினும் கண் பார்க்கவில்லை. இந்தப் புதிருக்கு நல்ல விடை கிடைக்க நூறாண்டுக்குமேல் ஆயிற்று. அமெரிக்காவில் டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும், 1960களில், பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்தும், மற்றும் சிலவற்றுக்கு விழித் தசையை வெட்டி மாறுகண் உண்டாக்கியும் செய்த சோதனைகளில், மூளையின் பார்வைப் புறணியே மாறிவிடுவதைக் கண்டார்கள். ஒரே மடையிலிருந்து நீர் பெறும் இரண்டு வயல்களில் ஒன்றை உழவன் சில போகம் உழாமல் விட்டுவிட்டால், பக்கத்து வயற்காரர் வரப்பை வெட்டித் தம் பக்கம் சேர்த்துக்கொள்வதைப் போல, வேலை செய்யும் கண்ணின் நரம்புகள், வேலையற்ற கண்ணுக்கு உரிய புறணியணுக்களைத் தமக்கென ஆக்கிக்கொள்ளுகின்றன. மாறுகண்ணில் இரு கண்ணும் திறந்தேயிருந்தாலும், இரண்டுக்கும் ஒருங்கே பதில் சொல்லும் அணுக்கள் அருகிவிடுகின்றன. அதே கொடுமை வளர்ந்த பூனைக்குச் செய்யப்பட்டபோது அத்தகைய மாறுதல் நேரவில்லை. இளமையில் உள்ள அந்தக் குறிப்பிட்ட காலம் கடந்தால் கதவு பெரும்பாலும் சாத்திக்கொள்ளும் என்பது அப்போது தெளிவாயிற்று. 1981இல் இவ்விருவரும் ரோஜர் ஸ்பெரியுடன் நோபெல் பரிசைப் பெற்றார்கள்.

கண்ணுக்கும் புறணிக்கும் நடுவே செய்தியை மாற்றிவிடும் நரம்புக் கணுவிலும், மந்தக் கண்ணுக்கு உரிய அடுக்குகளின் அணுக்கள் சுருங்கியிருப்பது குரங்குகளிலும், பின்னர் இறந்த மனிதர் சிலரின் மூளையிலும் காணப்பட்டது. இவ்வாறு பழுது மூளையின் பக்கமே என்ற முடிவு வலுப்பெற்றிருந்த வேளையில், 1970களில் லண்டனில் ஹிசாகோ இக்கேடாவும் அவருடைய துணைவரும், மாறுகண் உண்டாக்கிய பூனைகளின் விழித்திரை அணுக்களிலேயே கூர்மை குறைந்திருப்பதாக அறிவித்தனர். பிறர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிட்டவில்லை. ஆகவே, திரையைப் பற்றிய வினா தீராமல் நின்றது. உயிருள்ள மனிதரின் விழித்திரையை, வெட்டாமல், தொடாமல், அடுக்கடுக்காக அளந்தறியும் கருவி பிறக்கும்வரை அது அவ்வாறே நின்றது.

ஒளியால் அளந்த திரை

1991இல் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியோர் வெளியிட்ட புதிய முறையானது, மனித உடம்பை ஒளியினால் குறுக்கே வெட்டிப் பார்ப்பதற்கு வழிகாட்டிற்று. இன்று கண் மருத்துவமனைகளில் ஓ.சி.டி. என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கருவியின்முன் நோயாளி தாடையை ஊன்றி அமர்ந்தால், கண்ணுக்குத் தோன்றாத அகச்சிவப்பு ஒளி உள்ளே சென்று, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது. எந்தப் பங்கு எவ்வளவு தாமதித்து வந்தது என்பதைக் கணக்கிட்டு, ஐந்து மைக்ரானுக்கு ஒன்றாக, அதாவது ஒரு மில்லிமீட்டரின் இருநூற்றில் ஒரு பங்காகப் பிரித்துக் காட்டும் சித்திரத்தைக் கருவி வரைந்துவிடுகிறது. சில விநாடிகளில் வேலை முடிகிறது, குழந்தைக்கு வலியில்லை.

இதைக் கொண்டு உலகின் பல பாகங்களிலும் மந்தக் கண்களை அளந்தார்கள். 2004இல் தைவானில் நடந்த ஆய்வொன்றில், இரு கண்களின் கண்ணாடி அளவு வேறுபட்டதனால் மந்தமான கண்களில் நரம்பிழைப் படலம் சற்றுக் கனமாயிருப்பதாகத் தெரிந்தது. ஆனால் மாறுகண்ணால் மந்தமான கண்களில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. சிட்னி நகரத்துப் பள்ளிச் சிறார்களை ஆராய்ந்து 2009இல் வெளியான பெரிய ஆய்வு, மந்தக் கண்ணின் மையக்குழி, நல்ல கண்ணினுடையதைக் காட்டிலும் ஏறக்குறைய 5 மைக்ரான் கனம் கூடியது என்றும், நரம்பிழைப் படலத்தில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்றும் கூறிற்று. ரத்தத்தில் ஓடும் ஒரு சிவப்பணுவின் குறுக்களவே ஏழெட்டு மைக்ரான். அதற்கும் குறைவான வேறுபாட்டைப் பற்றியே இங்குப் பேசுகிறோம் என்பதை வாசகர் மனத்தில் இருத்தவேண்டும்.

மையக்குழி ஏன் சற்றே கனத்திருக்கவேண்டும்? குழந்தைப் பருவத்தில் உள்ளடுக்குகள் விலகி வழிவிடும் வேலை, அந்தக் கண்ணில் முற்றுப்பெறாமல் நின்றிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கேட்பதற்கு இது மிகப் பொருத்தமாகத் தோன்றினும், உடனே ஏற்றுக்கொள்வதற்கில்லை. உள்நோக்கித் திரும்பும் கண்களுள் பல, தூரப்பார்வைக் குறையுள்ளவை. அத்தகைய கண் பெரும்பாலும் நீளம் குறைந்திருக்கும். நீளம் குறைந்த கண்ணில் திரையும், அதற்குப் பின்னுள்ள கோராய்டு என்னும் ரத்தக்குழாய்ப் படலமும் இயல்பாகவே கனத்திருப்பதுண்டு. அன்றியும் கண்ணின் நீளத்தைச் சார்ந்து கருவியின் அளவுகளும் மாறுகின்றன. மந்தக் கண்ணில் கோராய்டு கனத்திருக்கிறது என்று பல ஆய்வுகள் சொன்னபோதும், அது மந்தத்தின் பயனா, குட்டைக் கண்ணின் இயல்பா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. போதாக்குறைக்கு, மந்தக் கண்ணால் கருவியினுள் உள்ள புள்ளியை அசையாமல் நோக்க முடிவதில்லை. நோக்கு சிறிது தவறினாலும் குழியின் நடுவுக்குப் பதில் அதன் சரிவை அளந்துவிடுவோம். ஆராய்ச்சிகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இவையே முக்கிய காரணங்கள்.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது ஒன்று திடமாகத் தெரிகிறது. மாறுகண்ணினால் மந்தமான விழியில் திரையின் மாறுதல், இருந்தாலும், மிகச் சொற்பம். அந்தக் கண் இழந்திருக்கும் பார்வைக்கு அது காரணமாகப் போதாது. கூம்பணுக்கள் இருக்கின்றன, நரம்பிழைகள் இருக்கின்றன, கருவி கெடவில்லை. கெட்டது பழக்கம், கெட்ட இடம் மூளை. ஆகவே, குழந்தையிடம் நாம் காண்பது குருட்டுக் கண்ணன்று, பயிற்சி மறுக்கப்பட்ட கண்.

திரையே காரணமாகும்போது

இத்தனையும் சொன்ன பிறகு, இதற்கு நேர்மாறான ஒரு நிலையையும் அழுத்திச் சொல்லாமற்போனால் பெரும் பிழை நேர்ந்துவிடும். சில குழந்தைகளுக்கு விழித்திரையில் உள்ள நோயே முதற்காரணமாகி, பார்வை இழந்த கண் பிடிப்பற்றுப்போய் விலகுகிறது. மஞ்சள் புள்ளியில் விழுந்த தழும்பு, குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வரும் விழித்திரை நோய், எல்லாவற்றிலும் கொடியதாகிய விழித்திரைப் புற்று ஆகியவை அவற்றுள் அடங்கும். அந்தப் புற்றுநோய் வெளியே காட்டும் முதல் அடையாளம் பெரும்பாலும் கண்பாவையில் தெரியும் வெள்ளொளி. அதற்கு அடுத்தபடியாக அடிக்கடி காணப்படும் அடையாளம் மாறுகண்ணே. புகைப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. காலத்தில் கண்டால் உயிரையும், பலருக்குக் கண்ணையுமே காப்பாற்ற முடியும். இக்காரணத்தாலேயே, மாறுகண்ணோடு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரியச் செய்து, திரை முழுவதையும் பார்த்த பிறகே வைத்தியர் அடுத்த வார்த்தை பேசுகிறார். 'அதிர்ஷ்டம்' என்று வீட்டில் வைத்துக்கொள்வதால் விளையக்கூடிய ஆபத்தின் உச்சம் இது.

பரிசோதனையும் சிகிச்சையும்

பரிசோதனையின் முதற்படிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஓரடித் தூரத்திலிருந்து சிறு டார்ச் விளக்கின் ஒளியைக் குழந்தையின் முகத்தில் காட்டினால், இரண்டு கருவிழிகளிலும் அதன் பொட்டு தோன்றும். கண்கள் நேராயிருப்பின் இரண்டு பொட்டும் பாவையின் நடுவே சமமாக நிற்கும். ஒரு கண் உள்நோக்கித் திரும்பியிருந்தால், அதில் பொட்டு வெளிப்புறம் ஒதுங்கும். ஒரு மில்லிமீட்டர் ஒதுக்கம் ஏறக்குறைய ஏழு டிகிரி விலகலைக் குறிக்கும். அடுத்து வைத்தியர் நேர்நோக்கும் கண்ணை உள்ளங்கையால் மறைக்கிறார். மறைத்த கணத்தில் மற்றக் கண் அசைந்து வந்து பொருளைப் பற்றிக்கொண்டால் விலகல் உண்மையானது. மூக்குத்தண்டு அகன்ற கைக்குழந்தைகள் பல, கண் நேராயிருந்தும் மாறுகண் போலத் தோன்றுவதுண்டு. அந்த வீண் பயத்தையும் இதே சோதனை நீக்கிவிடும். பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் விழிகள் எப்போதாவது விலகுவது இயற்கை. அதற்குப் பின்னும் விலகுவது இயற்கையன்று.

தூரப்பார்வைக் குறையினால் கண் உள்நோக்கித் திரும்புவதுண்டு என்று ஹாலந்து தேசத்து டான்டர்ஸ் 1864இலேயே விளக்கினார். அத்தகைய குழந்தைக்குக் கண்ணாடி போட்ட சில வாரங்களிலேயே விழிகள் நேராகிவிடுவதைப் பார்க்கும் பெற்றோர், ஏதோ அற்புதம் நிகழ்ந்ததாக எண்ணுகிறார்கள். பார்வை மந்தமாயிருப்பின், நல்ல கண்ணின்மீது ஒட்டுத்துணி ஒட்டி, சோம்பியிருக்கும் கண்ணை வேலை வாங்கவேண்டும். அமெரிக்காவில் நடந்த ஒழுங்கான சோதனைகளின் பயனாக, மிதமான மந்தத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமும், கடுமையான மந்தத்துக்கு ஆறு மணி நேரமும் போதும் என்று 2003இல் தெரியவந்தது. ஒட்டுத்துணியைப் பிடுங்கி எறியும் குழந்தைக்கு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டுவிட்டு அதன் பார்வையைத் தற்காலிகமாக மங்கச் செய்வதும் பலன் தருகிறது. இவற்றையெல்லாம் வைத்தியரின் மேற்பார்வையிலேயே செய்யவேண்டும். அளவு மிஞ்சினால் நல்ல கண்ணே மந்தமாகக்கூடும். கண்ணாடியால் நேராகாத விலகலுக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. கண்ணுருண்டையின் வெளியே ஒட்டியிருக்கும் தசைகளை இடம் மாற்றியோ சுருக்கியோ செய்யப்படும் அந்தச் சிகிச்சையில், கத்தி கண்ணுக்குள் செல்வதில்லை, விழித்திரையைத் தொடுவதுமில்லை என்பதை அஞ்சுகின்ற தாய்மார்க்கு எடுத்துச் சொல்லவேண்டும். அதே சமயத்தில், தசையைத் திருத்தினால் கண் நேராகுமேயொழிய, மந்தம் தானே தீராது. பயிற்சி தனியே வேண்டும்.

காலம் கடந்தவர்க்கு நம்பிக்கையே இல்லையா? ஏழு வயதுக்குமேல் பயனில்லை என்ற பழைய அபிப்பிராயம் தளர்ந்துவிட்டது. 2005இல் வெளியான சோதனையில், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறார்களுள் பாதிப்பேருக்குமேல் சிகிச்சையால் பார்வை முன்னேறிற்று. அமெரிக்க நரம்பியல் அறிஞர் சூசன் பாரி, சிறு வயது முதல் மாறுகண் கொண்டிருந்தும், நாற்பத்தெட்டாம் வயதில் பயிற்சியினால் ஆழப் பார்வையைப் பெற்றார். இவை நம்பிக்கைக்கு இடமளிக்கின்றன, தாமதத்துக்கு இடமளிக்கவில்லை. மூன்று வயதில் சில மாதங்களில் கிட்டுவது, பத்து வயதில் பெருமுயற்சிக்குப் பிறகும் அரைகுறையாகவே கிட்டுகிறது.

இந்தச் சிகிச்சைக்காக நம்மவர் கடல் கடந்து போகவேண்டியதில்லை. 1819இல் தோன்றி, உலகத்தின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு பொழுதுக்குள் சென்று திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பள்ளிச் சிறாரின் கண்களைச் சோதித்து இலவசக் கண்ணாடி வழங்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டமும் நடைபெற்று வருகிறது. ஆயினும் பள்ளியில் சேரும்வரை காத்திருப்பது, மையக்குழி முதிர்ந்து மூளையின் கதவு சாத்திக்கொள்ளத் தொடங்கும் பருவம்வரை காத்திருப்பதாகும். ஆகையால், அங்கன்வாடி ஊழியரும், கிராமச் செவிலியரும், தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிவரும் தாயும், முக்கியமாக வீட்டில் பாட்டியும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்: விலகிய கண்ணின் திரை பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது, அது காணும் பிம்பத்தை ஏற்றுக்கொள்ள மூளை மறந்துபோவதற்குள் நாம் அந்தக் கண்ணுக்கு வேலை கொடுத்துவிட்டால், இரண்டு கண்ணும் அந்தக் குழந்தைக்கே சொந்தமாகும். நான்கு மாதத்துக்குப் பின்னும் ஒரு குழந்தையின் விழி விலகி நிற்பதைக் கண்டால், அந்த வாரமே கண் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதுதான், அதிர்ஷ்டத்தை நம்புகிற குடும்பம் அந்தக் குழந்தைக்குச் செய்யக்கூடிய உண்மையான நன்மை.